அரியர் இருந்தால் வர வேண்டாம்

கணித மேதை ராமானுஜனை நான் வேலைக்கு எடுத்திருக்க மாட்டேன். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பைப் பறிகொடுத்தவர். அப்புறம் 1906, 1907 இரண்டு வருஷமும் எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். என் ரைஸ் மில் வாசலில் தொங்கிய போர்டோ கொட்டை எழுத்தில் சொன்னது: 'பி.காம். பட்டதாரிகள் தேவை. அரியர் உள்ளவர்கள் வர வேண்டாம்.' தன் வீடிருந்த சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்து அவர் நடந்து வந்திருந்தாலும் வாட்ச்மேனே திருப்பி அனுப்பியிருப்பார்.

சென்னைத் துறைமுகத்தில் அப்படிச் செய்யவில்லை. எஃப்.ஏ. வரைதான் படித்தேன், தொடர முடியாமல் போய்விட்டது, இப்போது முழு நேரமும் கணிதத்தில்தான் இருக்கிறேன் என்று 1912 பிப்ரவரியில் மனு எழுதிப் போட்டார். மார்ச் முதல் தேதி கணக்குப் பிரிவில் கிளார்க் வேலை, மாசம் 30 ரூபாய். அங்கே மேனேஜராக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். வந்தவனிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தெரிந்தது. எனக்கு அரிசி தெரியும். நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, ஒரு மணியைக் கடித்தாலே ஈரப்பதம் சொல்லிவிடுவேன். ஆனால் ஆள் எடுக்க உட்கார்ந்தால் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்கே பாக்குறீங்க என்று கேட்பேன். யூடியூபில் கற்றுக்கொண்டது. அஞ்சு வருஷம் கழித்து மில் எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் நான் காபி சொல்லி அனுப்பிவிட்டு எழுந்து போயிருப்பேன்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தது. நல்ல மார்க், டேலி தெரியும். நான் கேட்ட முதல் கேள்வி: "கல்யாணம் எப்பம்மா?" வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பேதம் காட்டக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆடிட்டர் சொல்லியிருக்கிறார், நான்தான் தலையாட்டிவிட்டு வந்தவன்.

அது பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே கோடவுனைப் பார்த்துவிட்டு, "சார், மூட்டை எல்லாம் ஏன் 26 கிலோ?" என்றது.

2022 ஜூலையில், பேர் போட்டு 25 கிலோ வரை கட்டி விற்கிற அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. ஒரு கிலோவைக் கூட்டினால் வரி கிடையாது. அரிசி வியாபாரம் முழுக்க 26-க்குத் தாவியது அதனால்தான். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கே சாவிக்கொத்தைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வேவு பார்க்க வந்திருக்கிறதோ! "சொல்லி அனுப்புறோம்மா" என்றேன். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. எடுக்கவில்லை என்றால் அதையாவது ஒரு போனில் சொல்ல வேண்டாமா? அதெல்லாம் சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று என் வசதிக்கு ஒரு கருணை வைத்திருந்தேன்.

டை கட்டி வந்த பையனை எடுத்தேன். தங்கமான பையன், குறை சொல்ல முடியாது. 26 கிலோ மூட்டைக்கும் சேர்த்து வரி போட்டு பில் அடித்துவிட்டான், அவ்வளவுதான். மன்னார்குடி, திருவாரூர் கடைக்காரர்கள் எல்லாரும் போனில் என்னைத்தான் வறுத்தார்கள். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. பட்டதாரிக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது என் கணக்கு.

அவனுடைய டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். பாதியில் ஓடிவிடக் கூடாதே! மாணவர்களின் ஒரிஜினலைக் கல்லூரிகளே பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கும்போது ஒரு ரைஸ் மில்லுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது என்று நான் யோசிக்கவில்லை. சரஸ்வதி பூஜை வந்தது. வீட்டில் பீரோவைத் திறந்து, கணக்குப் புத்தகங்களோடு கைக்கு அகப்பட்ட காகிதத்தை எல்லாம் மணையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

பையன் குரூப் 4 எழுதியிருந்தான். சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. என்னிடம் கேட்கப் பயந்து அவன் அப்பாவை அனுப்பினான். வலங்கைமான் பக்கம் நடவு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. பட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். துணைவேந்தர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். நான் துண்டால் துடைக்கப் போய் அது இன்னும் பரவியது.

"விடுங்க முதலாளி, சாமிகிட்டதான இருந்திருக்கு" என்று வாங்கிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

அவன் போன பிறகு, அடுத்த ஆளுக்கு ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் விண்ணப்பம் கொடுத்தேன். சம்பளம் என்ற கட்டத்தில் 'தகுதிக்கேற்ப' என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த மேடம் போன் செய்தார்: "யார் தகுதிக்கு சார்? எண் போட்டாத்தான் பசங்ககிட்டச் சொல்வோம். இன்டர்வியூ தேதியையும் மாத்துங்க, அன்னிக்கு செமஸ்டர் பரீட்சை." துறைமுகத்தில் போட்ட 30 ரூபாயாவது ஒரு எண்.

அப்ரண்டிஸ் எடுங்களேன் என்று யோசனை சொன்னதும் அந்த மேடம்தான். 1961 சட்டத்தின் கீழ் ஒரு வருஷப் பயிற்சி. பட்டதாரிக்கு மாசம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி செய்தார்கள், அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பித் தரும். பாதி திரும்பி வரும் என்றதும் எனக்குச் சமூகப் பொறுப்பு பொங்கியது. அன்றைக்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அப்ரண்டிஸ் பதிவுத் தளத்தைத் திறந்தால், மில் பேரில் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று வருகிறது. டை கட்டிய பையன், யாரும் சொல்லாமலே, செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பாஸ்வேர்டு அவனிடம். நம்பர் என் போனில் இருக்கிறது. மேடம் மறுபடி கேட்டார், சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.