நரம்பில்லாத நாக்கு

கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டிக்கு நடுவராகப் போகிறவருக்கு வேலை அதிகமில்லை. செண்ட் அடிக்கக் கூடாது. மேசையில் உட்கார வேண்டும். எண் ஒட்டிய 30 குவளைகள் வரும். ஒவ்வொன்றையும் சாய்த்து நிறம் பார்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு வாய் உறிஞ்சி, பக்கத்துப் படிக்கத்தில் துப்பிவிட்டு மதிப்பெண் போட வேண்டும். திண்ணைத் தாத்தாக்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஊர் நியாயம் பேசவில்லையா, அதே தொழில்தான். அவர்களுக்காவது மென்றது என்ன என்று தெரிந்திருந்தது.

இந்தப் பெருமக்களின் மேசையில் 2005 முதல் 2008 வரை ராபர்ட் ஹாட்ஜ்சன் ஒரு சின்ன வேலை செய்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர், புள்ளியியல் தெரிந்தவர், சிறிய ஒயின் ஆலை ஒன்றும் வைத்திருந்தவர். தன் ஒயினுக்கு ஒரு போட்டியில் தங்கமும் அடுத்ததில் வெறுங்கையும் கிடைப்பது ஏன் என்று மனிதருக்கு ஓர் அரிப்பு. போட்டிக்காரர்களின் சம்மதத்தோடு, ஒரே புட்டியிலிருந்து மூன்று குவளைகளில் ஊற்றி, அந்த 30-க்குள் கலந்து வைத்தார். நடுவர்களுக்குச் சொல்லவில்லை.

பத்து நடுவர்களில் ஏறக்குறைய ஒருவர்தான் மூன்றுக்கும் ஒரே தரத்துப் பதக்கம் கொடுத்தார். இன்னொருவர் அதே ஒயினுக்கு வெண்கலத்தில் தொடங்கித் தங்கம் வரை ஏறி இறங்கினார். போகட்டும், அந்த முதல் ஆளையாவது பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்றால், ஓர் ஆண்டு சரியாகச் சொன்னவர் மறு ஆண்டு கோட்டை விட்டார். ஒரே விடைத்தாளுக்கு ஒரு வாத்தியார் காலையில் 40-ம் மத்தியானம் 90-ம் போட்டால் பெற்றோர் பள்ளிக்கூடத்து வாசலில் கூடிவிடுவார்கள். இங்கே நாக்கு புரண்டால் அதற்குப் பெயர் நுண்ணுணர்வு. ஆய்வு அச்சில் வந்தது. போட்டி நிற்கவில்லை.

2007-இல் அதே போட்டியில் கலிஃபோர்னியாவின் சிறந்த ஷார்டனே ஒயின் என்று முடிசூட்டப்பட்டது சார்லஸ் ஷா என்கிற பிராண்டு. அந்த மாநிலத்துக் கடையில் அப்போது புட்டி 1.99 டாலர். ஊரே சிரித்தது, ஆனால் தப்பான இடத்தில் சிரித்தது. ஏழை ஒயின் ஜெயித்ததில் என்ன கேவலம்? பணக்கார ஒயினும் அதே குலுக்கலில்தானே ஜெயித்துக்கொண்டிருந்தது!

பெல்ஜியத் தொலைக்காட்சிக்காரர்கள் இன்னும் குசும்பர்கள். 2023-இல், இரண்டரை யூரோ சூப்பர்மார்க்கெட் ஒயின் ஒன்றை வாங்கி, புறாக்கூண்டு என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் போலி லேபிள் ஒட்டி, கட்டணம் கட்டி, சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினார்கள். தங்கம் வந்தது! புட்டிகளில் ஒட்டப் பதக்க ஸ்டிக்கரும் உண்டு. ஆனால் இலவசமில்லை, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை. நுழையக் கட்டணம், ஜெயித்தால் ஸ்டிக்கருக்குக் காசு. கடையில் அந்தத் தங்க வட்டத்தைப் பார்த்து வாங்குகிறவரும் கூடுதலாக அழுவார். இத்தனை பேரிடம் வசூலிக்க நடுவில் ஒரு நாக்கு வேண்டியிருக்கிறது. அதில் நரம்பில்லாமல் இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம்.

நடுவர் மேசையில் இன்னொன்றும் இருக்கும், வாய் கொப்பளிக்கத் தண்ணீர். வேண்டும்போதெல்லாம் கிடைக்கும்.

2008 மே மாதம், அதே கலிஃபோர்னியாவில், ஸ்டாக்டனுக்குப் பக்கத்து ஒயின் திராட்சைத் தோட்டம் ஒன்றில், கொடி திருத்திக்கொண்டிருந்த 17 வயதுக் கர்ப்பிணிப் பெண் வெயிலில் சுருண்டு விழுந்தாள். காலையிலிருந்து சுமார் ஒன்பது மணி நேர வேலை. தண்ணீர் பத்து நிமிட நடையில் இருந்தது என்றும், போய்வரப் போதிய இடைவேளை தரவில்லை என்றும் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு நாளில் செத்துப்போனாள். வழக்கு 2011 வரை இழுத்தது. ஆள் பிடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரத் தரப்புக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, அபராதம். சிறைவாசம் ஒரு நாள்கூட விதிக்கவில்லை. இந்தத் தீர்ப்பை யார் ருசி பார்த்துச் சொன்னார்களோ!

அந்த 2008-லும் போட்டி நடந்தது. ஒரே புட்டியை மூன்று முறை உறிஞ்சி மூன்று விதமாகச் சொன்ன கனவான்கள், அடுத்த சுற்றுக்கு முன் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக் கொப்பளித்து, படிக்கத்தில் துப்பினார்கள்.