ஸ்டேக்குக்குத் தீட்டு

கறி பட்டால் சைவம் தீட்டாகும் என்பது நமக்குத் தெரிந்த சாத்திரம். சட்டி தீட்டு, கரண்டி தீட்டு, வாடகைக்கு விட்ட வீட்டின் அடுப்படியும் தீட்டு. சோயா பட்டால் கறி தீட்டாகும் என்பது ஐரோப்பா இப்போது எழுதும் சாத்திரம். 2025 அக்டோபர் 8ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிய ஐரோப்பிய நாடாளுமன்றம் இதற்காகவே வாக்கெடுத்தது. தாவரத்தில் செய்த எதற்கும் ஸ்டேக், பர்கர், சாசேஜ் என்று பெயர் வைக்கக் கூடாது என்றவர்கள் 355 பேர். வைத்தால் என்ன என்றவர்கள் 247 பேர். உடனே சட்டமாகிவிடவில்லை, உறுப்பு நாடுகளின் சம்மதமும் வேண்டியிருந்தது. ஆனாலும் பரிகாரத்துக்குத் தட்டு வைத்தாயிற்று.

என்ன காரணம்? நுகர்வோர் குழம்பிப்போகிறாராம். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘தாவரம்’ என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் பச்சை இலை. அதை வாங்கி வந்து, வாணலியில் வதக்கி, ஒரு வாய் கடித்த பிறகு, “ஐயோ, மாட்டைக் காணோமே!” என்று மார்பில் அடித்துக்கொள்ளும் அந்த அப்பாவி யார்? வாக்கு கேட்டுப் போகும்போது அவர் நாட்டின் தலைவிதியையே தீர்மானிக்கும் அறிவாளி. கடைக்குப் போகும்போது மட்டும் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாத பச்சைப்பிள்ளை.

இந்தத் தடைத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் பிரான்ஸ் உறுப்பினர் செலின் இமார். அவரே தானியம் விளைவிக்கும் விவசாயி. கோதுமை வயலில் நிற்கும்வரை மகாலட்சுமி. ஸ்டேக் என்று பெயர் சூட்டிக்கொண்டால் மூதேவி! பிரான்ஸுக்கு இந்த வியாதி பழையது. 2022இலும் 2024இலும் இதே தடையை அரசாணையாகப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபரில் குறுக்கே நின்றது. 2025 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றமே ஆணைகளை ரத்து செய்தது. வழக்கு தோற்றால் என்ன, சட்டத்தையே மாற்றிவிட்டால் போயிற்று. சரி, இவர்கள் உயிரைக் கொடுத்துக் காக்கும் ‘ஸ்டேக்’ யாருடைய சொல்? பிரெஞ்சு ஆங்கிலத்திடம் வாங்கியது. ஆங்கிலம் பழைய நோர்ஸ் மொழியிடம் வாங்கியது. இரவல் சேலைக்கு இத்தனை காவல்!

குழப்பம் என்றால் என்னவென்று இந்தக் கண்டம் ஒரு தரம் தின்றே பார்த்திருக்கிறது. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்தபோது, ஒன்றில் இருந்த இறைச்சியில் 29 சதவீதம் குதிரை. அடுத்த மாதம் மாட்டிறைச்சி லசான்யா என்று விற்ற சில பெட்டிகளில் இறைச்சி முழுக்கவே குதிரை. ருமேனியாவில் வெட்டுப்பட்டு, தரகர்கள் கைமாறி, பிரான்ஸ் வழியாக லக்சம்பர்க் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது குதிரை மாடாகியிருந்தது. அந்த ரசவாதத்தைச் செய்தது சோயாவா, பட்டாணியா? இறைச்சி வியாபாரம், ஐயா! இன்றைக்கும் கறிப் பொட்டலத்தின் மேலே புல்வெளி, கழுத்தில் மணி, நீல வானம். கொட்டிலிலேயே கொழுக்கவைத்த மாட்டுக்கு அந்தப் படம்தான் புல்வெளி. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் குழம்பவில்லையாம்.

அதற்காகத் தாவரக் கட்சியைத் தோளில் தூக்கி ஆட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பியாண்ட் மீட் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த ‘ஸ்டேக்’ துண்டுகளில் இருப்பவை தண்ணீர், கோதுமைப் புரதம், அவரைப் புரதம், எண்ணெய், மேலே வாசனைச் சரக்கு. வித்தையும் புதிதல்ல. சீனத்துப் பௌத்த மடங்களில் கோதுமை மாவைக் கழுவிக் கழுவிப் பசையெடுத்து, பல நூறு ஆண்டுகளாகப் போலிக் கறி சமைக்கிறார்கள். நம் ஆச்சிமார் பாசிப்பயற்றை ஊறவைத்து அரைத்து, இட்லித் தட்டில் அவித்து, துண்டு போட்டு, மிளகு மசாலாவில் புரட்டி, சைவ ஈரல் குழம்பு என்று ஊற்றினார்கள். ஈரல் எங்கே என்று யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆச்சியும் பங்கு வெளியிட்டுப் பணம் பார்க்கவில்லை. பியாண்ட் மீட் பார்த்தது. 2019 மே மாதம் 25 டாலருக்கு வெளியிட்ட பங்கு, ஜூலையில் 230 டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. பூமியைக் காக்கப் புறப்பட்ட பயற்றை வைத்து முதலில் சூதாடினார்கள்.

ஆனால் பயறு என்ன பாவம் செய்தது? 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வின் கணக்கு இது: 100 கிராம் புரதம் எடுக்க, கறிக்கென்றே வளர்க்கும் மாடு சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான புகையைக் கக்குகிறது, பட்டாணிக்கு அரைக் கிலோகூட ஆகவில்லை. சுடுவது இந்தக் கணக்குதான். கணக்கை மாற்ற முடியாது. ஆகவே பெயரை மாற்றுகிறார்கள்.

எல்லாம் விவசாயிக்காக என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் இதே நாடாளுமன்றத்தின் வாசலை டிராக்டர்களால் அடைத்து நின்றாரே, அந்த விவசாயிக்காக. அவர் கேட்டது விளைச்சலுக்குக் கட்டுப்படியாகும் விலை. கொடுப்பது ஒரு சொல். அதையும் இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். கொண்டுபோய்த் தாளித்துக்கொள்ளட்டும்.