உலகப்பட அண்ணன்

ரசிகர் மன்றத்துக்காரர் ஒரே படத்தை ஐந்து தடவை பார்ப்பார். உலகப்பட அண்ணன் ஒரே நாளில் ஐந்து படம் பார்ப்பார். முன்னவருக்கு வசனம் மனப்பாடம். பின்னவருக்கு வரைபடம் மனப்பாடம். “ருமேனியா நல்லா இருந்தது, போலந்துதான் கொஞ்சம் இழுத்துட்டான்” என்று அண்ணன் சொல்லும்போது, விவரம் தெரியாதவர்கள் அவர் டூர் போய் வந்ததாக நினைத்துக்கொண்டு எவ்வளவு செலவாச்சு என்று விசாரிப்பார்கள்.

ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். படம் எடுத்தவரில்லை, எடுக்கப் போகிறவருமில்லை. பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவருமில்லை. ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற வழியில் இருக்கும் திமிரியிலும் ஒருவர் உண்டு. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். டிசம்பர் மாதம் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா தேதி அறிவித்ததும், அவருடைய மைத்துனர் வீட்டில் தவறாமல் ஒரு விசேஷம் வந்துவிடும். ஆண்டுதோறும் இவ்வளவு நல்ல காரியம் நடக்கிற குடும்பமா என்று லீவு லெட்டரைப் பார்க்கிறவர்கள் வியந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

விடிவதற்கு முன்னால் திமிரியில் முதல் பேருந்து, ஆற்காட்டில் மாறி அடுத்த பேருந்து. மடியில் விழா அட்டவணை. முகூர்த்தம் குறிக்கிற ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதுபோல அண்ணன் அதைப் புரட்டுவார். சிவப்பு மை என்றால் கட்டாயம் பார்க்க வேண்டியது. நீல மை என்றால் சிவப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் பார்க்க வேண்டியது. பச்சை மை, சாப்பிட்டுவிட்டுத் தூங்க ஏற்றது. இந்த மூன்றாவது ரகத்தை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. “தியானத் தன்மை கொண்ட படம்” என்பார்.

தியேட்டர் வாசலில் கழுத்து அட்டையை மாட்டிக்கொண்டதும் அண்ணனின் முதுகு நிமிரும். கம்பெனியிலும் கழுத்தில் அட்டைதான் தொங்குகிறது. அதைச் சட்டைப் பைக்குள் செருகி வைப்பார். இதை வெளியே எடுத்து விட்டுக்கொள்வார்.

இனி வரிசை. படத்தைவிட முக்கியமான நிகழ்ச்சி இதுதான். யார் எத்தனை வருடமாக வருகிறார் என்பதில்தான் இங்கே பெரியவர் சின்னவர் தீர்மானமாகும். இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-இல் இந்த விழாவைத் தொடங்கியது. “உட்லண்ட்ஸ் தியேட்டர்ல பார்த்த காலம் மாதிரி வராது தம்பி” என்று அண்ணன் ஆரம்பித்தால், சத்யம் வளாகத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய கல்லூரிப் பையன்கள் அடங்கிவிடுவார்கள். அதோடு விடமாட்டார். 1952-இல் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்ததையும், அந்த விழாவில் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ காட்டப்பட்டதையும், தானே சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு உள்ளே போனவர் மாதிரி வர்ணிப்பார். அந்த வருடம் அவருடைய அப்பாவுக்கே கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

ஆனால் அண்ணனையும் அடக்க ஆள் உண்டு. வரிசையில் பின்னால் நிற்பவர் மெல்ல, “நான் வருஷா வருஷம் திருவனந்தபுரம் போயிடுவேன்” என்று ஆரம்பிப்பார். கேரள விழா 1996 முதல் நடக்கிறது. 2013-இல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் அங்கே வந்தபோது, அவரைப் பார்க்க நம்மூரில் நடிகருக்குக் கூடுகிற மாதிரிக் கூட்டம் கூடியது. அதை நேரில் பார்த்தவர் என்று தெரிந்ததும் அண்ணன் அட்டவணைக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார். பின்னவரின் வெற்றியும் நீடிக்காது. அவருக்குப் பின்னால் 2004 முதல் கோவா விழாவுக்குப் போகிறவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்.

உள்ளே நுழைந்தால் அண்ணனுக்கு நடைபாதை ஓரத்து இருக்கைதான் வேண்டும். காரணம் பிறகு தெரியும். முதல் படம் முடிந்து இரண்டாவது, இரண்டாவது முடிந்து வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசோறு. அது முடிந்ததும் பச்சை மைப் படம். ஒருவர் பனியில் நடக்கத் தொடங்குவார்; அண்ணன் கண் மூடுவார். கண் திறக்கும்போது அவர் இன்னும் நடந்துகொண்டிருப்பார். “ஒரு ஷாட்கூட மிஸ் பண்ணல” என்று அண்ணன் சொல்வது பொய்யல்ல. நீளத்தைக் குறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஹங்கேரியின் பேலா தார் எடுத்த ‘சாத்தான்டாங்கோ’ ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதைத் தன் சொத்து மதிப்பைச் சொல்வது போன்ற பெருமையுடன் சொல்வார்.

வீட்டில் இந்தப் பெருமை செல்லாது. பெல்ஜியத்தின் ஷான்தால் அக்கர்மான் 1975-இல் எடுத்த ‘ஜான் டீல்மான்’ படத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருக்கிறாள், படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல், 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை உலக விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அதுதான் முதலிடம் என்று மனைவியிடம் ஒருநாள் விளக்கினார். கையில் பாதி சீவிய கிழங்கோடு மனைவி கேட்டார்: “நான் சீவுனா கொழம்பு, அவ சீவுனா சினிமாவா?” உலக சினிமா பற்றி அந்த வீட்டில் நடந்த கடைசி விவாதம் அது.

அண்ணனின் தொழில் புத்தி மட்டும் இருட்டிலும் உறங்காது. பாரிஸ் ரயில் நிலையத்தில் காதலர்கள் பிரிவார்கள். கேமரா இருவர் கால்களில் நிற்கும். அரங்கமே மூக்கை உறிஞ்சும். அண்ணன் பக்கத்து இருக்கைக்காரரிடம் கிசுகிசுப்பார்: “பையன் ஷூவுல லாஸ்டிங் சரியில்ல சார், டோ பக்கம் சுருக்கம் வுழுது பாருங்க.” ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த ஷூ கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது, அங்கிருந்து படம் இங்கே வருகிறது. சரக்கு நல்லபடி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற பொறுப்பு அண்ணனுக்கு.

படம் முடிந்து இயக்குநர் மேடைக்கு வந்தால் கை தூக்குவார். “கேள்வி இல்லைங்க, ஒரு கருத்து” என்று ஆரம்பிப்பார். வெளிநாட்டு இயக்குநர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். மொழிபெயர்ப்பவர் முதல் ஐந்து நிமிடத்தை “நன்றி என்கிறார்” என்று சுருக்கிவிடுவார்.

நடைபாதை இருக்கைக்குக் காரணம் கடைசிப் படத்தில்தான் தெரியும். சென்னையிலிருந்து ஆற்காட்டுக்கு எந்நேரமும் வண்டி உண்டு. ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாகப் போகிற கடைசிப் பேருந்து யாருக்காகவும் நிற்காது. ஆகவே கடைசிப் படம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், முடிவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அண்ணன் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் பார்த்த இரவுக் காட்சிப் படங்கள் எதற்கும் முடிவு கிடையாது. வரிசை நண்பர்கள் கேட்டால், “முடிவைப் பார்வையாளன்கிட்டயே விட்டுடறான்” என்று சமாளிப்பார்.

திமிரி டீக்கடையில் அந்தப் பருப்பு வேகாது. கம்பெனி ஷிஃப்டு விட்டு வருகிறவர்கள் ஏழு மணி நேரப் படத்தையும் ஒரு டீ ஆறுவதற்குள் கேட்டு முடிக்க வேண்டியவர்கள். “அப்புறம் இன்னா ஆச்சுண்ணா?” என்று நாலு பேர் நிமிர்ந்து பார்க்கையில், பார்வையாளனிடம் விட்டுவிட்டான் என்று எப்படிச் சொல்வது? அண்ணன் முடிவைத் தானே போட்டுவிடுவார். ஈரானில் விவாகரத்து ஆன தம்பதி திமிரியில் சேர்ந்துவிட்டார்கள். போலந்தில் காணாமல் போன அண்ணன் திமிரியில் கல்யாணத்துக்கு வந்து நின்றான்.

பின்லாந்தின் அகி கௌரிஸ்மாகி 1990-இல் எடுத்த ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ படத்தை அவர் சொல்லும்போது கடையே உன்னிப்பாகக் கேட்டது. மரத்துண்டு தீக்குச்சியாகி டப்பாவில் அடைபடுவதில்தான் படம் தொடங்குகிறது. “அப்டியே நம்ம குடியாத்தம்” என்றார் அண்ணன். அந்தத் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்ணைக் காதலன் கைவிடுகிறான், வீட்டில் துரத்துகிறார்கள். அவள் மருந்துக் கடைக்குள் நுழைகிற இடத்தில் அண்ணன் எழுந்து வந்திருந்தார். எனவே, மருந்து வாங்கினாள், உடம்பு தேறினாள், வேலைக்குத் திரும்பி சூப்பர்வைசர் ஆனாள் என்று முடித்துவைத்தார்.

போனில் படத்தைத் தேடிப் பார்த்துவிட்ட கல்லூரிப் பையன் ஒருவன் மறுவாரம் வந்து உடைத்தான். வாங்கினது எலி மருந்து. காதலன், பாரில் வம்பு பண்ணினவன், அம்மா, அம்மாவின் புருஷன் என்று வரிசையாக நாலு பேருக்கு ஊற்றிக் கொடுக்கிறாள்; போலீஸ் வந்து கம்பெனியிலேயே பிடித்துப்போகிறது.

பெஞ்சில் பலத்த ஆலோசனை நடந்தது. “அண்ணன் சொன்னதுதான் நல்லா கீது” என்று டீ மாஸ்டர் தீர்ப்பளித்தார். பின்லாந்தில் அந்தப் பெண் சிறைக்குப் போனால் போகட்டும். திமிரியில் அவள் இன்றுவரை சூப்பர்வைசராக இருந்து, பி.எஃப். பிடித்தம் போக மாதா மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.