நாலு கட்டைவிரல்

விருத்தாசலம் சூளையில் களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து ஒரே பீங்கானாகிவிடும். அதே மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்து கணக்கு வாத்தியார்களை ஒன்றாக்க அந்தச் சூடு போதாது. அரசுப் பள்ளியில் துறைத் தலைவர் என்று தனிப் பதவி ஏது? பணிமூப்பில் மூத்தவர் தலையில் அந்தப் பொறுப்பு தானாக ஏறிக்கொள்ளும். சம்பளத்தில் ஏறாது. அவருடைய ஒரே ஆயுதம் வாட்ஸ்அப் குழு.

"மெல்லக் கற்போர் பட்டியல் நாளைக்குள் வேண்டும் சார்."

நாலு கட்டைவிரல் வரும், பட்டியல் வராது. ராத்திரி பத்து மணிக்கு அவரே உட்கார்ந்து எழுதுவார்.

மறுநாள் தலைமையாசிரியர், "உங்க டீம் ஒர்க் பிரமாதம் சார்!" என்பார்.

நால்வரும் அடக்கமாகத் தலையாட்டுவார்கள். மூத்தவர் அப்போது அவர்களுக்கு டீ சொல்லப் போயிருப்பார்.