நெய்தல் நிலத்தில் மேடேறுதல்: பழவேற்காட்டுப் பாலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழவேற்காட்டைப் பற்றிய எந்தக் கட்டுரையும் ஊர்ப்பெயருக்கு வேர் தோண்டாமல் தொடங்குவதில்லை. இக்கட்டுரை தோண்டாது. 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களையும் இந்த ஒரே வாக்கியத்தோடு வழியனுப்பிவிடுகிறது. நம் சிக்கல் வேறு. 42.195 கிலோமீட்டர் ஓடியே தீருவது என்று பணம் கட்டிவிட்ட ஓர் அமெச்சூர் ஓட்டக்காரர், மலையே இல்லாத ஊரில் மலையேற எப்படிப் பழகுவது?

பழகாமல் விட முடியாது. பாஸ்டன் மாரத்தானில் 32ஆம் கிலோமீட்டரைத் தாண்டி, உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீரும் நேரமாகப் பார்த்து ‘ஹார்ட்பிரேக் ஹில்’ வருகிறது. ஏற்றம் சுமார் 27 மீட்டர்தான். பரங்கிமலை அதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் 1936 பந்தயத்தில் ஜானி கெல்லி முன்னிலையை இழந்து மனமொடிந்தது அங்கேதான். பெயரும் அதனால் வந்ததுதான்.

இலக்கணத் தடையும் உண்டு. திணை மயங்கலாம் என்று இடங்கொடுத்த தொல்காப்பியர், நிலம் மயங்கக்கூடாது என்று கறாராக நின்றுவிட்டார். ஆகவே நெய்தலில் குறிஞ்சி முளைக்க வழியில்லை. இதை மீறியவர் கவிஞரல்லர், பொறியாளர். ஏரியைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் போக ஒரு பாலம் போட்டுவிட்டார்.

இவ்வூர் மேடுகள் மூவகைப்படும்.

மணல்: கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் கேட்கும்.

காற்று: அடிக்கும்.

பாலம்: இது மேடுதானா என்பதை முதலில் நிறுவ வேண்டும். கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே என்பவர் ஆய்வுக்கு லாயக்கற்றவர். மீன் ஏற்றிய டிவிஎஸ் எக்செல் ஒன்று பாலத்தின் மேல் நின்றது. ஐஸ்பெட்டியின் மூலையிலிருந்து வடிந்த செந்நிறத் தண்ணீர் சற்றுத் தயங்கி, ஒரு செதிலைத் தள்ளிக்கொண்டு, ஊர்ப்பக்கமாக ஓடிற்று. எனவே சரிவு உண்டு. எனவே ஏற்றமும் உண்டு (வண்டிக்காரர், வாய்மொழி, வண்டியை உதைத்தபடி கூறியது). “தண்ணி பள்ளத்துக்குத்தான் சார் ஓடும்” என்ற அவரது கூற்றை மறுக்கும் சான்று இதுவரை கிடைக்கவில்லை (அதே வண்டிக்காரர், திருத்திய பதிப்பு, வண்டி கிளம்பிய பின்).

ஏறும் முறை: அடியைச் சுருக்கு, கணுக்காலிலிருந்து சாய், இடுப்பை மடக்காதே, வேகத்தை மறந்து மூச்சை மட்டும் ஒரே சீராக வை. இறக்கம்தான் வஞ்சகம். தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் வலி அன்று வராது. மறுநாளோ மூன்றாம் நாளோ மாடிப்படியில் பின்பக்கமாக இறங்க வைக்கும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை அன்று ஐயமறத் தெளியலாம்.

எத்தனை தடவை ஏறி இறங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கைப்பிடிச் சுவரோரம் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் இரண்டாம் சுற்றில் நிமிர்ந்தார். “பூநாரை பாக்க வந்தியா, கல்லறை பாக்க வந்தியா தம்பி?” இரண்டும் இல்லை என்றதும், “அப்ப பஸ்ஸ வுட்டுட்டியா?” என்றார். (பெரியவர், நேர்காணல், இரண்டாம் சுற்று, முதல் சுற்றில் இதே கருத்து பார்வையாக மட்டும் வெளிப்பட்டது. ஒப்புநோக்குக: தேநீர்க்கடைப் பெஞ்சு, இடதுகோடி, காலைப் பதிப்பு, அன்றைய தினத்தந்தியின் மறைவிலிருந்து; மறுப்புக்கு: அதே பெஞ்சு, வலதுகோடி, இருமலுடன்.) ஏரியில் யார், எந்நாளில், எங்கே வலை போடுவது என்று பாடு முறையில் பங்கிட்டுக்கொள்ளும் ஊராயிற்றே, பாலத்தின் இடப்புறத்தை விடியற்காலையில் ஓட்டக்காரருக்கு ஒதுக்கலாமா என்று கேட்கப்பட்டது. “வல இருக்கா?” என்றார். இல்லை. உரையாடல் அத்துடன் முடிந்தது. தன்னிடம் கேள்வித்தாளோடு வந்து ஏரியின் ஆழம் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களெல்லாம் டாக்டராகிவிட்டதாகவும், ஆழம் மட்டும் தூர்ந்துகொண்டே வருவதாகவும் அவர் பின்னர் சொன்னது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டதால் சேர்க்கப்படவில்லை.

தலையில் அன்னக்கூடையோடு ஓர் அக்கா இதே பாலத்தில் ஆய்வாளரை முந்திச் சென்றதும் அவ்வாறே விலக்கப்பட்டது. அவர் பதிவுக் கட்டணம் செலுத்தியவர் அல்லர்.

முடிவுகளை உறுதிசெய்ய உண்மையான மலை ஒன்றோடு ஒப்பிட வேண்டியுள்ளது. ஊட்டிக்குச் சென்றுவர நிதி கோரி விண்ணப்பித்தாயிற்று. நெறியாளர் குடும்பத்தோடு வருகிறார், ஓடமாட்டார்.