நடக்காத பரீட்சைக்குப் படித்தவன்

2001 கடைசியில் தமிழ்நாடு அரசு புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தது. போலீஸ், ஆசிரியர், டாக்டர் வேலைகளுக்கு விலக்கு இருந்தது. நான் குறிவைத்திருந்த இளநிலை உதவியாளர் வேலைக்கு இல்லை. தடை 2006 வரை நீடித்தது. புத்தியுள்ளவன் வேறு வேலை பார்த்திருப்பான். பி.காம். முடித்த கையோடு இருந்த நானோ, படிக்க நிறைய அவகாசம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

தினமும் ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுவேன். எங்கள் கோஷ்டிக்கு அங்கே ஒரு மேஜை. அதில் நான்தான் வாத்தியார். பானிபட் போர்கள் 1526, 1556, 1761 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டிபன் பாக்ஸ் தயிர் சாதம் உள்ளே போன பிறகு எழுப்பித்தான் கேட்க வேண்டியிருக்கும். தடை நீங்கியதும் நான் சந்தேகம் தீர்த்து வைத்தவர்கள் ஒவ்வொருவராகப் பாஸ் செய்தார்கள். ஸ்வீட் பாக்ஸோடு வந்து எனக்கு நன்றி சொன்னார்கள்.

ஒரு மாதிரித் தேர்வில், ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் எந்த ஆண்டு கட்டி முடிந்தது என்று கேட்டிருந்தார்கள். கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. 1987 கும்பாபிஷேகத்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆனாலும் இவ்வளவு சுலபமாகவா கேட்பார்கள் என்று ஒரு சந்தேகம். அச்சுதராயர் காலத்து வேலை, நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாக நின்றது, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஆராய்ந்து, 1978-ஐக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன்.

2003 ஜூலையில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு டிஸ்மிஸ் செய்தது. பிறகு பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ‘கவர்ன்மெண்ட் உத்தியோகம்னா யாரும் கைவைக்க முடியாது’ என்று எதிர்வீட்டு மாமா சொல்லியிருந்ததில் எனக்கு அப்போதும் நம்பிக்கை குறையவில்லை. ‘காலியிடம் நிறைய வரும்’ என்று மனக்கணக்குப் போட்டேன். நல்ல மனசு இல்லை என்று தெரியும். ஆனால் கணக்கு அப்படித்தான் வந்தது.

2006-இல் தடை போனது. வயது தாண்டியவர்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வும் தந்தார்கள். மேற்கொண்டு தோற்க அரசே அனுமதி கொடுக்கும்போது நான் மறுப்பேனா?

இதையெல்லாம் என் தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். குணால் மங்கல் என்ற பொருளாதார அறிஞர் இந்தத் தடைக்காலத்தை எடுத்து ஆராய்ந்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. வேலை குறைந்தால் படிக்கிறவர்கள் கலைந்து போவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. பட்டதாரி இளைஞர்கள் வேலைக்குப் போகாமல் கூடுதல் காலம் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தடை நீங்கிப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தாலும் அவர்களுடைய சம்பாதிக்கும் திறன் குறைவாகவே இருந்ததாம். என் சம்பளச் சீட்டை யார் அவருக்குக் காட்டினார்கள் என்று தெரியவில்லை.

தில்லைநகர் கடை ஒன்றில் கணக்கு எழுத முதன்முதலாகப் போனபோது முதலாளி கேட்டது, ‘டேலி தெரியுமா தம்பி?’ எனக்குத் தெரிந்தது ஐந்தாண்டுத் திட்டங்கள்.

ஜெயித்தவர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. மரியான் பெர்ட்ரான், ராபின் பர்ஜெஸ், குவோ சூ ஆகியோர், ஐ.ஏ.எஸ். அதிகாரியான அருணிஷ் சாவ்லாவோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்டது. வயது ஏறி ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, ஓய்வு பெறுவதற்குள் உச்சப் பதவியை எட்ட வழியில்லாதவர்கள் வேலையிலும் சற்றுப் பின்தங்குகிறார்களாம். சஸ்பெண்ட் ஆகும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுதலாம். விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி என்று கோச்சிங் சென்டர் சுவரில் எழுதியிருந்ததே, அதற்குக் கீழே இதையும் யாராவது எழுதியிருக்கலாம்.

பரீட்சை திறமையை அளக்கிறதா என்று பொருளாதார அறிஞர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது இன்னொன்றைத் துல்லியமாக அளக்கும்: யார் வீட்டில் எத்தனை காலம் கேள்வி கேட்காமல் சோறு போடுவார்கள் என்பதை. அப்பாவுக்குத் திருவெறும்பூர் பெல்லில் சம்பளம். அதனால் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மேஜையிலேயே படு சூட்டிகையான பையன், அப்பா படுத்ததும் பெரிய கடை வீதி ஜவுளிக்கடைக்குப் போய்விட்டான். நூலகத்தில் எஞ்சியது நான். இதை நான் திறமை என்று எண்ணியிருந்தேன்.

இளநிலை உதவியாளர் வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்கு 2024-இல் முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் மோதல். அவர்களில் அக்கா பையனும் ஒருவன். அனுபவஸ்தன் என்ற ஹோதாவில் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன்:

“எழுதுடா, வேண்டாம்னு சொல்லலை. எப்போ நிறுத்தறதுன்னு மட்டும் முதல்லயே முடிவு பண்ணிக்கோ.”

“நீங்க அப்படி ஏதாவது முடிவு பண்ணியிருந்தீங்களா மாமா?”

“பின்னே? அடுத்த நோட்டிஃபிகேஷனோட நிறுத்திடறதுன்னு ஒவ்வொரு தடவையும் முடிவு பண்ணியிருந்தேன்.”