முயலின் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: வீட்டு முயலுக்குத் தினமும் கேரட் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது, தினமும் கொடுக்கவும் கூடாது. கேரட்டை முயலின் தலையில் கட்டியவை கார்ட்டூன் படங்கள். அதில் சர்க்கரை அதிகம். வாரத்தில் ஓரிரு சிறு துண்டுகளே தாராளம். முயலின் சாப்பாடு புல்தான், பச்சையாகவோ காய்ந்தோ, ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல். காரணம் பல்லில் இருக்கிறது. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மென்றால்தான் தேயும். குடல் ஓயாமல் இயங்கவும் அந்த நார்தான் வேண்டும். அறுகம்புல் நல்லது. கொத்தமல்லி, புதினா கொஞ்சம் சேர்க்கலாம். சோறு, பிஸ்கட், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகாது.

தன் கழிவில் மென்மையான ஒரு வகையை முயல் தானே தின்னும். பார்ப்பவர் முகம் சுளிக்கலாம். முயலுக்கு அது சத்துணவு, தடுக்கக் கூடாது.

குளிரைவிட வெயில்தான் முயலுக்கு எமன். அதற்கு வியர்க்காது, உடல் சூடு பெரும்பாலும் காது வழியாகவே வெளியேறும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்களில் நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும் கட்டாயம். மொட்டை மாடித் தகரக் கூரையின்கீழ் கூண்டு வைப்பது கொடுமை. காதைப் பிடித்துத் தூக்குவதும் அப்படித்தான்; ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை பின்னங்கால்களுக்கடியிலும் தாங்க வேண்டும்.

அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.